முகத்தில் வந்தது ஆத்தா இல்லை

செஞ்சி
பிப்ரவரி 18, புதன்கிழமை

அன்பு மகள் பாரதிக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே ஓசாகாவில் நீயும், உன்கூடத் தங்கியிருக்கும் நாகர்கோவில் பெண்ணும், அந்த ஊர்க் குளிரும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகம் என்று கடிதத்தில் எல்லாரும் வழக்கத்துக்கு எழுதுவார்கள், காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருப்பவனும் எழுதுவான். நான் மூன்று டாக்டர்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் அழுவாய், நான் ஏதாவது கேலி பேசி வாங்கிக் கட்டிக்கொள்வேன், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு அவள் பங்குக்கு அழுவாள், விஷயம் பாதியில் நின்றுவிடும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் ஸ்பீட் போஸ்ட். ஆகவே பாப்பா, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து படி. போன ஜூன் மாசம் எனக்குப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். எட்டு மாசம் வைத்தியம் நடந்தது. நான் உயிரோடு, வாயோடு, தொப்பை கொஞ்சம் குறைந்து, இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். இனி நீ எவ்வளவு திட்டினாலும் எனக்கு இனிப்பாகத்தான் இருக்கும், ஆனால் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிட்டுத் திட்டு.

எங்கே வந்தது என்று கேட்பாய். அதைச் சொல்ல முடியாமல்தான் இவ்வளவு கூத்தும் நடந்தது. நாம் உட்காருகிற இடத்துக்கு உள்ளே, மலக்குடலின் கடைசிப் பகுதியில். நீ ஜப்பானுக்குக் கிளம்புவதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ரத்தம் போனால் நம்ம ஊரில் அதற்கு ஒரே பெயர் மூலம். டாக்டர் தேவையில்லை, எதிரே வருகிறவன் சொல்லிவிடுவான். நான் வெட்கத்தோடு நம்ம பச்சைமுத்துவிடம் மட்டும் காதோடு காதாகச் சொன்னேன். அவன் என்னோடு இருபது வருஷமாக மைக் செட் கட்டுகிறவன், ஒயர் எங்கே அறுந்தது என்று தொட்டே சொல்லுவான், அதனால் உடம்பிலும் தெரியும் என்று நினைத்தேன். அவன் சந்தோஷமாக, "அட, ஒனக்கும் இருக்குதா? எனக்கு ஒரு வருசமா இருக்குது. துத்திக்கீரைய வெளக்கெண்ணெயில வதக்கித் தின்னு, பறந்துடும்" என்றான். ஏழு மாசம் நாங்கள் இரண்டு பேரும் ஏரிக்கரை முழுக்கத் துத்தியைப் பறித்துத் தின்றோம் பாரதி. ஆடு மாடுகளுக்கு மிச்சம் வைக்கவில்லை. உன் அம்மா வாரத்துக்கு மூன்று நாள் கருணைக்கிழங்கு செய்தாள், காரணம் கேட்டதற்கு விலை மலிவு என்று சொன்னேன். பறக்கவில்லை. எடைதான் பறந்தது. நீ விமானம் ஏறின அன்றைக்கு, "நைனா இளைச்சிட்டீங்க, அழகா இருக்கீங்க" என்றாயே, அதை நம்பி இரண்டு மாசம் கண்ணாடி முன்னால் நின்றவன் நான். கடைசியில் வல்லம் பக்கத்தில் ஒரு காதுகுத்துக்கு செட் கட்டும்போது கம்பத்திலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. பச்சைமுத்து கீழே இருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் உன் அம்மாவிடம் மறைக்க முடியவில்லை.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பின்பக்கமாகக் குழாய் கேமரா விட்டுப் பார்த்து, துணுக்கு எடுத்து, ஸ்கேன் எடுத்து, ஒரு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். உன்னைவிட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும். படம் போட்டுக் காட்டினார். கட்டி, மலத்தை அடக்கிப் பிடிக்கிற தசைக்கு ஒட்டினாற்போல உட்கார்ந்திருக்கிறது. இப்படியே அறுத்தால் தசையையும் சேர்த்து எடுத்து, பின்வழியைத் தைத்து மூடிவிட வேண்டியதுதான், ஆயுசுக்கும் வயிற்றில் ஓட்டை போட்டுப் பை. அறுப்பதற்கு முன்னால் கட்டியைச் சுருக்கித் தசையை விட்டு விலக வைத்தால், உயிருக்கும் நல்லது, வழியும் தப்பிக்கலாம். அந்த வழி தப்புமா தப்பாதா, அதுதான் பாரதி இந்த எட்டு மாசமும் என் தலைக்குள் ஓடின ஒரே கேள்வி. உயிர் போவதைப் பற்றிக்கூட நான் இவ்வளவு யோசிக்கவில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. சுருக்குவதற்கு வழக்கமான வைத்தியம் கரண்ட் வைப்பதும், அதாவது கதிர்வீச்சும், கூடவே கீமோ மாத்திரையும். அவர்கள் ஒரு ஆராய்ச்சி நடத்தினார்கள், அதில் இந்த இரண்டோடு மூன்றாவதாக, குறிபார்த்துப் போய் அடிக்கிற மருந்து ஒன்றை வாரம் ஒரு தடவை டிரிப்பில் ஏற்றுவார்கள். யாருக்கு ஏற்றுவது, யாருக்கு ஏற்றாமல் பார்ப்பது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார், "வேற ஊர்கள்ல பாத்ததுல சிலருக்கு நல்லா கேட்டிருக்கு, பலருக்குப் பெருசா வித்தியாசம் இல்ல, அதனாலதான் இன்னும் பாக்கறோம், யோசிச்சு கையெழுத்துப் போடுங்க" என்று. உன் அம்மா என் காதில், "உங்கள எலியா வெச்சி சோதிக்கறாங்களா?" என்று கேட்டாள். எலியிடம் யாராவது கையெழுத்துக் கேட்பார்களா, நமக்கு மரியாதை கூடியிருக்கிறது என்று சொல்லிப் போட்டுவிட்டேன். குலுக்கலில் எனக்கு மருந்து விழுந்தது. பிறந்ததிலிருந்து எனக்குக் குலுக்கலில் விழுந்தது அது ஒன்றுதான்.

அந்த மருந்து என்ன செய்கிறது என்று எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். புற்றுச் செல்லின் மேல்தோலில் மைக் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதாம். உடம்பிலிருந்து "வளரு, வளரு" என்று வருகிற உத்தரவை அதுதான் வாங்கி உள்ளே அனுப்புகிறது. இந்த மருந்து போய் அந்த மைக்கைப் பொத்திவிடும். உத்தரவு கேட்காத செல் மந்தமாகி நிற்கும்போது கரண்டும் மாத்திரையும் அதை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சிலருக்கு உள்ளே இருக்கிற ஆம்ப்ளிபையரே கெட்டுப்போய், மைக்கைப் பிடுங்கிப் போட்டாலும் கூவென்று தானாக ஊளையிட்டுக்கொண்டிருக்கும், அவர்களுக்கு இந்த மருந்து வீண். எனக்கு அப்படி இல்லை என்று துணுக்கைப் பரிசோதித்துப் பார்த்த பிறகுதான் ஆராய்ச்சியிலேயே சேர்த்தார்கள். நான் இதை இப்படிச் சொன்னதும் டாக்டரம்மா சிரித்து, இனிமேல் படிக்கிற பிள்ளைகளுக்கு இப்படியே சொல்லிவிடுகிறேன் என்றார். எட்டாம் வகுப்பில் நின்றவன் மருத்துவக் கல்லூரிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டேன், உன் பட்டத்தை எடுத்துக் கொஞ்சம் ஓரமாக வை.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்பது இப்போது. நீ அங்கே போய் மூன்று மாசம், வேலை நிரந்தரம் ஆக இன்னும் மூன்று மாசம். சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பாய் என்று தெரியும். முடிவு தெரிந்த பிறகு சொல்வோம் என்று உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன், அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன்னோடு பேசி முடித்துவிட்டுச் சமையலறையில் போய்ப் பாத்திரங்களை உடைக்காத குறையாகப் போடுவாள். ஊருக்கும் சொல்லவில்லை, கேட்டவர்களுக்கு வயிற்றில் புண் என்றேன். செஞ்சியில் யார் வீட்டுச் சேதியையும் மைக்கில் கத்துகிறவன் நான், என் சேதி அடுத்தவன் வாயில் விழுந்தால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். ஜூலை ஏழாம் தேதியிலிருந்து சனி ஞாயிறு தவிர தினமும் காலை ஏழே முக்கால் வண்டியில் திண்டிவனம், அங்கிருந்து புதுச்சேரி. இடுப்பில் மூன்று இடத்தில் புள்ளி குத்தி, அந்தக் கோட்டுக்குப் படுக்க வைத்து, பத்து நிமிஷம் கரண்ட். வலியே இல்லை. மொத்தம் இருபத்தெட்டு நாள். நாள் தவறவே கூடாது, விட்டுவிட்டு அடித்தால் கட்டி மூச்சு வாங்கி எழுந்துவிடும் என்று முதல் நாளே எச்சரித்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மூன்றாவது வாரம் முகத்தில் பரு வந்தது.

பரு என்றால் உனக்குப் பிளஸ் டூவில் வந்தது மாதிரி இரண்டு மூன்று இல்லை. நெற்றி, மூக்கு, கன்னம், மார்பு, முதுகு, சிவக்கச் சிவக்க, சீழ் முனையோடு. உனக்குக் கேமரா ரிப்பேர் என்று இரண்டு மாசம் வெறும் குரலிலேயே பேசினேனே, இதுதான் ரிப்பேர். டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார், அந்த மருந்து பொத்துகிற மைக் தோலிலும் இருக்கிறதாம், அதனால் இப்படி வரும், களிம்பு போடு, வெயிலில் குடை பிடி, பயப்படாதே என்று. ஐம்பத்து நான்கு வயசில் முகத்தில் பருவும் கையில் குடையுமாக பஸ் ஸ்டாண்டில் நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். சரி, அதுவும் ஆடி மாசம். அதை நான் யோசிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சிங்கவரத்திலிருந்து உன் பவுனு அத்தை வந்தாள். என் அக்காவை உனக்குத் தெரியும், வாசலில் நுழையும்போதே மோப்பம் பிடிப்பாள். என் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, "ஆத்தா, தாயே, என் தம்பி வூட்டுக்கா வந்துட்ட?" என்றாள். நான், அக்கா இது மருந்து ஒத்துக்காமல் வந்தது என்றேன். "வாய மூடு. அப்பிடித்தான் பேச வெப்பா அவ" என்றாள். அரை மணி நேரத்தில் வாசலில் வேப்பிலை தொங்கியது, தாளிக்கிற வாசனை நின்றது, எனக்கு முகத்தில் மஞ்சள், வாழையிலையில் படுக்கை. அதோடு விட்டாளா? அம்மை போட்ட வீட்டில் மாத்திரை கூடாது என்று என் கீமோ மாத்திரை அட்டையை எடுத்துத் தன் சுருக்குப்பையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். உன் அம்மாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். சொல்லுங்க என்று அவள் கண் சொன்னது. நான் வாயைத் திறந்தேன், எந்த இடம் என்று அக்கா அடுத்துக் கேட்பாளே என்று நினைத்து மூடிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பினால், வாசலில் தெருப் பெண்கள் பதினைந்து இருபது பேர். மறுநாள் செவ்வாய் நம்ம தெரு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவது. ஆத்தா இருக்கிற உடம்போடு படி தாண்டினால் தெருவுக்கே இறங்கிவிடும் என்று அவர்களுக்குப் பயம், நியாயமான பயம்தான், வீட்டுக்கு வீடு குழந்தைகள் இருக்கின்றன. எதிர் வீட்டுக் காத்தாயி, "அண்ணா, ஏழு நாளுக்குக் காலை வெளிய வெக்காதீங்க, மூணாந் தண்ணி தலைக்கு ஊத்தினப்பறம் எங்க வோணா போங்க" என்று கைகூப்பினாள். சண்டை போட்டால் பதில் சொல்லலாம், கும்பிட்டால் என்ன செய்வது? அன்றைக்குக் கரண்ட் வைப்பது தவறிப்போயிற்று. மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். உன் அம்மா தோட்டத்துப் பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தாள், முகம் வெளுத்திருந்தது. ஒரு நாளைக் கடைசியில் சேர்த்துச் சமாளிக்கலாம், ஒரு வாரம் விட்டால் இதுவரை அடித்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும் என்று சொன்னார்களாம். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்து, இருபத்தெட்டு வருஷத்தில் என்னிடம் பேசாத குரலில் பேசினாள். "வெக்கத்தக் காப்பாத்திக்கினு ஆயுசுக்கும் பை கட்டிக்கப் போறீங்களா, வெக்கத்த வுட்டுட்டு வழியக் காப்பாத்திக்கப் போறீங்களா? ரெண்டுல ஒண்ணு இப்பச் சொல்லுங்க. ஏழே முக்கா வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது" என்றாள்.

எழுந்தேன். பின்வாசல் வழியாகப் போய்க் கோயிலுக்குப் பக்கத்தில் வந்தேன், பச்சைமுத்து அங்கே செட்டைப் போட்டு ஹலோ ஹலோ என்று சோதித்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் மைக்கைத் தானாகவே கொடுத்துவிட்டான், பயத்தில். அக்காவிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். எனக்கு மைக் இல்லாமல் நாக்கு எழும்பாது பாப்பா, அது தொழில் கோளாறு. தவிர, ஒவ்வொருத்தரிடமும் ஒரு தடவை வெட்கப்படுவதற்கு, மொத்தமாக ஒரே தடவை வெட்கப்பட்டுவிடலாம் என்று தோன்றியது. "ஆத்தா மேல ஆணையா சொல்றேன், இது அம்மை இல்ல. நான் தாண்டவராயன் பேசறேன். எனக்குப் புத்துநோய். அதுக்கு ஏத்துற மருந்துதான் மூஞ்சில பூத்துருக்குது. தொத்தாது. எங்க புத்துநோய்னு கேப்பீங்க, நானே சொல்லிடறேன், குந்துற எடத்துல. ஏழு மாசம் மூலம்னு நெனச்சிக் கீரை தின்னேன். இன்னிக்கு நான் வண்டி ஏறலன்னா, பின்னால வழிய அடச்சிப்புட்டு வயித்துல பை கட்டிடுவாங்க. கொஞ்சம் வழி வுடுங்க" என்றேன். கூம்பு ஸ்பீக்கர் நான்கு. தெற்கே பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டதாம். தெருவில் ஒரு சத்தம் இல்லை. கூழ் அண்டாவில் துடுப்புப் போட்டுக் கிண்டுகிறவள்கூட நிறுத்திவிட்டாள். நான் எத்தனையோ கூட்டத்தில் மைக் பிடித்திருக்கிறேன், இப்படி ஒரு அமைதி எனக்குக் கிடைத்ததே இல்லை, தலைவர்களுக்கே கிடைத்ததில்லை.

அந்த அமைதியை உடைத்தது உன் அத்தைதான். கையில் வேப்பிலைக் கொத்தோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "அடப்பாவி! கூடப் பொறந்தவ கிட்டச் சொல்றதுக்கு உனக்கு மைக்கு வோணுமா?" என்று அந்தக் கொத்தாலேயே முதுகில் நாலு போட்டாள். பரு மேல் பட்டு எரிந்தது. நான் முகத்தைச் சுளித்ததும் தானே அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே சுருக்குப்பையை அவிழ்த்து மாத்திரை அட்டையை எடுத்து, "எப்ப முழுங்கணும்? சாப்பாட்டுக்கு முன்னாலியா பின்னாலியா? சொல்லித் தொலையேன்" என்றாள். பின்னால்தான் என்றதும் அண்டாவிலிருந்து முதல் செம்புக் கூழ் எனக்கு. ஆத்தாளுக்கு ஊற்றுவதற்கு முன்னால் எனக்கு ஊற்றலாமா என்று யாரோ முனகினார்கள். "அவ கோச்சிக்க மாட்டா, அவளும் பொம்பளதான்" என்று அத்தை தீர்ப்பு சொல்லிவிட்டாள். காத்தாயி மகன் பைக்கை எடுத்தான், பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் கண்டக்டர் வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறார், ஸ்பீக்கரில் அவருக்கும் கேட்டிருக்கிறது. முகத்தில் மஞ்சளும் சட்டைப் பையில் வேப்பிலையுமாக ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த என்னைப் பார்த்து டாக்டரம்மா, பரு இவ்வளவு நன்றாக வந்தால் மருந்து கேட்கிறது என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும், உறுதி இல்லை, நம்பிக்கைதான் என்றார். எனக்கு அது போதும்.

மறுநாளிலிருந்து பவுனு அத்தை தினமும் என்னோடு வந்தாள். சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் போய், "எழுந்திரு சாமி, கேன்சர்காரன் குந்தணும்" என்று கத்துவாள். எழுந்ததும் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்துகொள்வாள், எனக்கு நடுச் சீட்டு. மேல்மலையனூர் கோயில் அமாவாசைக் கூட்டத்தில்கூட என் பெயரைச் சொல்லி வரிசையைத் தாண்டிவிட்டாள், அன்றைக்கு நான் அங்கே போகவே இல்லை. இன்னொரு வேடிக்கை கேள். நான் மைக்கில் பேசின அந்த வாரத்திலேயே, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவராக ஆறு பேர் நம்ம வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே வந்து, மின்விசிறியைப் பார்த்து, மழை வருமா என்று கேட்டு, எழுந்து போகும்போது வாசலில் நின்று, "எனக்கும் ரத்தம் போவுது தாண்டவா, இன்னா பண்றது?" என்பார்கள். எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரிட்டையர்டு வாத்தியார் முருகையனுக்கு உள்ளே ஒரு சதைத் துணுக்கு இருந்தது, புற்றாக மாறுவதற்கு முன்னாலேயே குழாய் வழியாக எடுத்துவிட்டார்கள். இப்போது தெருவில் என்னைப் பார்த்தால் வாத்தியார் வணக்கம் சொல்கிறார், என்னை எட்டாம் வகுப்பில் பெயிலாக்கினவரே அவர்தான். பச்சைமுத்துவுக்குப் பார்த்தால் நிஜமாகவே மூலம். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு ஏமாற்றம்.

கரண்ட் ஆகஸ்ட் பதினாலில் முடிந்தது, தவறின ஒரு நாளையும் சேர்த்து. அப்புறம் ஏழெட்டு வாரம் சும்மா காத்திருக்க வேண்டும், கட்டி மெதுவாகச் சுருங்குமாம். அந்தக் காத்திருப்புதான் பாரதி எல்லாவற்றிலும் கஷ்டம். பரு காய்ந்து உதிர்ந்தது, வயிற்றுப்போக்கு நின்றது, வாய்க்கு ருசி வந்தது, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. நான் கேலி பேசாமல் இருந்தது அந்த நாட்களில்தான். உன் அம்மா பயந்துபோய், "ஏதாவது பேசுங்களேன், திட்டவாவது திட்டுங்க" என்றாள். அக்டோபரில் ஸ்கேன். டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதில் இருந்த கறுப்பு, புதியதில் ஒரு கீறலாக இருந்தது. தசைக்கும் அதற்கும் நடுவே இடைவெளி. எனக்குப் படம் பார்க்கத் தெரியாது, ஆனால் அவர் முகம் பார்க்கத் தெரிந்தது. "தசைய வுட்டு வெலகிடுச்சு, வழியக் காப்பாத்திடலாம்னு சர்ஜன் சொல்றார்" என்றார். அத்தை அந்த அறையிலேயே குலவை போட்டுவிட்டாள், வெளியே இருந்த செக்யூரிட்டி ஓடி வந்தான். தீபாவளிக்கு முன்வாரம் ஆபரேஷன். தீபாவளியன்று நீ பேசும்போது என் பின்னால் பச்சைத் திரை தெரிகிறதே என்றாய், புதுச்சேரியில் ஓட்டல் அறை என்றேன். ஆஸ்பத்திரி வார்டு அது, மன்னித்துவிடு. தைத்த குடல் ஆறும் வரைக்கும் மலம் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று வயிற்றில் தற்காலிகமாக ஒரு பை வைத்தார்கள், பொங்கலுக்கு நான் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ரகசியம் அதுதான். அந்தப் பையைச் சுத்தம் செய்தது முழுக்க உன் அம்மா. அதைப் பற்றி நான் ஒரு கேலியும் எழுதப் போவதில்லை.

அறுத்து எடுத்த துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பி, பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. கட்டி இருந்த இடத்தில் வெறும் தழும்பு, எத்தனை வெட்டு வெட்டிப் பார்த்தும் ஒரு புற்றுச் செல்கூட உயிரோடு இல்லை. டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்துக் காட்டினார். கரண்டா, மாத்திரையா, மைக்கைப் பொத்தின மருந்தா, எது செய்தது என்று கேட்டேன். மூன்றும் சேர்ந்து உங்களுக்குச் செய்திருக்கிறது, எல்லாருக்கும் செய்யும் என்று இன்னும் சொல்ல முடியாது, அதற்குத்தான் உங்களையெல்லாம் கணக்கில் வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்றார். என்னோடு சேர்ந்த விழுப்புரத்துக்காரர் ஒருவருக்கு இதே மருந்தில் அவ்வளவாகச் சுருங்கவில்லை, அவருக்குப் பைதான். தைரியமான மனுஷர், வாரம் ஒரு தடவை போன் பண்ணி என்னைச் சிரிக்க வைப்பார். நான் ஆடிக் குதிக்கும்போது அவர் ஞாபகம் வந்தால் கொஞ்சம் மெதுவாகக் குதிக்கிறேன். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை பரிசோதனை, ஐந்து வருஷம் வரைக்கும், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

இந்த மாசம் ஐந்தாம் தேதி பையை எடுத்து, குடலை உள்ளே சேர்த்துத் தைத்தார்கள். இனி பாரதி, எல்லாம் ஒரே விஷயத்தில் நின்றது. அந்த வழி வேலை செய்கிறதா? தினமும் காலையில் டாக்டர்கள் கூட்டமாக வந்து, வணக்கம்கூடச் சொல்லாமல், காற்று பிரிந்ததா என்று கேட்பார்கள். முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. அத்தை பக்கத்துக் கட்டில்களில் எல்லாம் போய் விசாரித்து, அவனுக்கு வந்துவிட்டது, இவனுக்கு வந்துவிட்டது என்று எனக்குப் பட்டியல் கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, டாக்டரம்மா, நர்சுகள், படிக்கிற பிள்ளைகள் ஏழு பேர் என்று கட்டிலைச் சுற்றி நிற்கும்போது, நான்கு மாசம் மூடிக் கிடந்த அந்த வழியாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வந்தது. அப்புறம் நர்ஸ் கை தட்டினாள், படிக்கிற பிள்ளைகள் தட்டினார்கள். அத்தை வார்டு வாசலில் போய் நின்று, "என் தம்பிக்கு வந்துடுச்சு!" என்றாள். இருபத்தெட்டு வருஷமாக இதே காரியத்துக்காக என்னைக் கூடத்தில் போய்ப் படுக்கச் சொன்னவள் உன் அம்மா. அன்றைக்கு அத்தனை பேர் முன்னாலும் என் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ வுடுங்க" என்று அழுதாள்.

நீ நல்ல உடம்போடு, நல்ல தூக்கத்தோடு, நினைத்ததெல்லாம் கைகூடி, நூறு வருஷம் இருக்க வேண்டும் பாப்பா. வேலையைப் போட்டுவிட்டு ஓடி வராதே, சித்திரை விடுமுறைக்கு வந்தால் போதும். ஒன்றை மட்டும் மறக்காதே. பெற்றவனுக்கு வந்திருப்பதால் நாற்பது வயசில் நீயும் அந்தக் குழாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமாம், டாக்டரம்மா எழுதியே கொடுத்திருக்கிறார். அதற்கு முன்னால் எப்போதாவது ரத்தத்தைப் பார்த்தால் யாருக்காகவும் வெட்கப்படாதே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. அம்மாவும் அத்தையும் ஆசி சொல்கிறார்கள்.

இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிட்டு, வழியாரப் போய்க்கொண்டிருக்கும்
உன் நைனா
தாண்டவராயன்